அத்தை பேசாத பேச்சு

என் முதற் சிறுகதைக்குக் கிடைத்த முதல் விமர்சனம், எழுத்தறியாத என் அத்தையின் வாயிலிருந்து வந்தது. எத்தனையோ நூல்களைப் பின்னாளில் படித்தேன்; கதையில் உரையாடல் எழுதுவதைப் பற்றி அவர் சொன்னதை விடத் தெளிவாக எவரும் எனக்குச் சொல்லவில்லை.

நோட்டன் பிரிட்ஜை அடுத்த ஒரு தோட்டம் எங்களுடையது. கெகல்கமு ஓயாவை மறித்து அணை எழுந்தது. 1950ல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னும் நீண்ட காலம் எங்கள் லயத்தில் குப்பி விளக்குத்தான். அந்த விளக்கில்தான் 1979ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நான் அக்கதையை எழுதினேன்.

கதைக்குக் காரணமான நிகழ்ச்சி இது. கொட்டும் மழையில் நாள் முழுவதும் மலையில் நின்ற அத்தை, மாலையில் கொழுந்து மடுவத்துக்குக் கூடையைக் கொண்டுவந்தார். நனைந்த கொழுந்து என்று சொல்லி, தண்ணீருக்காகக் கணக்கப்பிள்ளை பெரிய கழிவொன்றைப் பிடித்தார். கழித்தது போக எடை போதவில்லை. அத்தைக்கு அன்று விழுந்தது அரைப்பேர்; அதாவது பாதி நாட் சம்பளம்.

கொதித்துப்போய் நான் எழுதினேன். என் கதையில் அத்தை தராசின் முன் நிமிர்ந்து நிற்கிறாள். “உழைப்போரின் உதிரத்தை உறிஞ்சும் தராசே! வரலாறு உன்னை மன்னிக்காது!” என்று முழங்குகிறாள். ஒரு பக்கத்துக்குக் குறையாமல் முழங்குகிறாள். எழுதி முடித்ததும் அத்தைக்கே வாசித்துக் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “யாரு தம்பி இந்தம்மா? நல்லாத்தான் பேசுது. நம்ம தோட்டத்துல இப்புடி ஒரு ஆளு இருந்துச்சா?” என்றார்.

“நீங்கதான் அத்தை” என்றேன்.

“நானா? இப்புடிப் பேசிப்புட்டு மறுநா பிரட்டுக்குப் போனா எனக்கு யாரு பேர் போடுவா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. பாத்திரம் இலக்கணத் தமிழ் பேசியதுதான் பிழை என்று எண்ணினேன். கதையைத் திருத்தினேன். காம்பரா, இஸ்தோப்பு, பீலி, கவ்வாத்து என்று நம்மவர் சொற்களை வரிக்கு வரி இட்டு நிரப்பினேன். ஒலி எப்படியோ அப்படியே எழுத்துக் கூட்டினேன். மறுபடியும் வாசித்தேன். அத்தை சிரித்தார். “சத்தம் நம்ம சத்தந்தான் தம்பி. பேச்சுத்தான் நம்ம பேச்சு இல்ல” என்றார்.

மக்களின் மொழியை எழுத்தில் ஏற்றுவதற்கே இந்நாட்டில் பெரும் போராட்டம் நடந்தது என்பதை வாசகர் அறிவர். 1960களின் தொடக்கத்தில் பேச்சுத் தமிழைக் கதையில் கையாண்ட முற்போக்கு எழுத்தாளர்களை, ‘இழிசனர் வழக்கு’ எழுதுவோர் என்று மரபுவாதிகள் ஏளனம் செய்தார்கள். அந்தப் போரில் வென்றவர்கள் நம் முன்னோடிகள். கங்காணியும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் தங்கள் நாவோடு கதைக்குள் வந்தது அந்த வெற்றியின் பயனே. பிரட்டும் செக்ரோலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. திருச்சி, சேலம், மதுரைக் கிராமங்களின் பேச்சு, இந்த மலைகளில் இச்சொற்களோடு கலந்து ஒரு தனி வழக்காயிற்று. அதை எழுதுவதில் எவருக்கும் நாணம் வேண்டியதில்லை.

ஆனால் வழக்குச் சொல் வேறு, உரையாடல் வேறு. அத்தை என் கதையில் கண்ட குறை இதுதான். ஒருவர் என்ன பேசுகிறார் என்பதை, எதிரில் யார் நிற்கிறார் என்பதே பெரிதும் முடிவு செய்கிறது. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் அத்தையின் பேச்சு, “ஆமாங்கய்யா”, “சரிங்கய்யா” என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிடும். பீலிக்கரையில் அதே அத்தை கங்காணியைப் போலப் பேசிக் காட்டிப் பெண்களைச் சிரிக்கவைப்பார். இரவில் காம்பராவுக்குள் என் மாமாவிடம் பேசும்போது பாதி வாக்கியம் போதும். மீதியை அடுப்பில் விறகைத் தள்ளும் கை சொல்லிவிடும். இம்மூன்றும் ஒரே வாய்தான். என் கதையில் அத்தை யாரிடமும் பேசவில்லை; நான் அவர் வாயால் வாசகரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் அன்று அவர் வாய்மூடி நின்றாரா? அதுவும் இல்லை. நான் கேட்டபோதுதான் சொன்னார். கணக்கப்பிள்ளை கழிவை எழுதியதும், அத்தை அவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தாராம். “மாரியாத்தா, நீ பேஞ்ச தண்ணிக்கும் எங்கிட்டத்தான் கணக்குக் கேக்குறாங்க” என்றாராம். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். கணக்கப்பிள்ளைக்கு முகம் சிவந்தது. ஆனால் என்ன செய்வது? அத்தை அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அம்மனிடம் முறையிட்டவளுக்கு எப்படித் தண்டனை கொடுப்பது?

என் ஒரு பக்க முழக்கத்தில் இல்லாத கோபமும் அறிவும் அந்த ஒரு வரியில் இருந்தன. அன்றைய அரைப்பேர் அரைப்பேராகவே நின்றது. ஆனால் அந்தச் சொல் லயத்துக்கு லயம் நடந்தது. நியாயமற்ற கழிவுக்கு ‘மாரியாத்தா கணக்கு’ என்றே பெயராகிவிட்டது. சில மாதங்களின் பின் தொழிற்சங்கத் தலைவர் மனுக் கொடுக்கச் சென்றபோது, பெண்கள் அதே பெயரைச் சொல்லித்தான் அவரை அனுப்பினார்கள். கழிவு ஒழியவில்லை, குறைந்தது.

என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1961ல் வெளிவந்தது. கொழுந்தின் எடையே அக்கதைக்கு அச்சு. வானொலி நாடகம் எழுதிப் பழகியவர் அவர். வானொலியில் முகம் தெரியாது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதைச் சொல்லே காட்டவேண்டும். அந்தப் பயிற்சி எத்துணை பெரியது என்பதை என் கதை தோற்ற பின்னரே உணர்ந்தேன்.

இன்று என்னிடம் இளைஞர்கள் கதைகளைக் கொண்டுவருகிறார்கள். நான் கேட்பது மூன்றே கேள்விகள். இந்தப் பாத்திரம் யாரிடம் பேசுகிறது? பக்கத்தில் நின்று யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்? இதைச் சொல்வதால் அதற்கு என்ன இழப்பு நேரும்? இவற்றுக்கு விடை தெரிந்தால், எங்கே பேசவேண்டும், எங்கே வானத்தைப் பார்க்கவேண்டும் என்பது தானே விளங்கும். எழுதியதை உரக்க வாசித்துப் பார்ப்பதும் நன்று. யாரைப் பற்றி எழுதினோமோ அவருக்கே வாசித்துக் காட்டுவது அதனினும் நன்று.

உழைப்பவரின் கூலியைத் தராசில் களவாடுவது கொடுமை. அவருக்காக எழுதப் புகுந்த நாம், அவர் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு நம் பேச்சை அவர் வாயில் திணிப்பதும் ஒரு வகைக் கழிவே. அத்தை இன்று இல்லை. அந்தக் கதையை நான் மூன்றாம் முறை எழுதினேன். அதில் அவருக்கு உள்ள வசனம் ஒன்றே ஒன்று. அது நான் எழுதியதன்று.