நாட்டிங்ஹாம்: சக்கரத்துக்குள் கியரை ஒளித்துவைத்த ஊர்!

நாட்டிங்ஹாம் என்றதும் எல்லோருக்கும் ராபின் ஹூட்தான் நினைவுக்கு வருவார். கோட்டைச் சுவருக்குக் கீழே வில்லை இழுத்தபடி நிற்கும் அவரது வெண்கலச் சிலையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டால் பாதிச் சுற்றுலா முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், இந்த இங்கிலாந்து நகரம் உலகத்துக்கு அனுப்பிவைத்த இன்னொரு அதிசயம் இருக்கிறது. அளவில் அது ஒரு காபி டம்ளர்தான். சைக்கிளின் பின் சக்கரத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். வெளியே பார்த்தால் சாதாரண ஹப். உள்ளேயோ, மூன்று கியர்!

அதைச் செய்த ஊரைத் தேடிப் போவோமா?

தேவதைக் குழந்தைகள் செய்யும் சைக்கிள்

லண்டன் செயின்ட் பான்க்ரஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் நாட்டிங்ஹாம் வந்துவிடும். நகர மையத்திலிருந்து மேற்கே போனால் லென்டன் என்ற பகுதி. அங்கே லென்டன் பூல்வார்ட் சாலையில் ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. சற்று அண்ணாந்து பாருங்கள். குட்டி இறக்கைகளோடு தேவதைக் குழந்தைகள் சைக்கிள் செய்துகொண்டிருக்கும் சிற்பங்கள் தெரியும்.

1931-இல் கட்டப்பட்ட இது, ராலி சைக்கிள் கம்பெனியின் தலைமை அலுவலகமாக இருந்த கட்டடம். ஆம், நம் தாத்தாக்கள் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்து, பேரனைக்கூடத் தொடவிடாமல் வைத்திருந்தார்களே, அதே ராலி!

ஹாங்காங்கில் பணம் சேர்த்துவிட்டு உடல்நலம் கெட்டு இங்கிலாந்து திரும்பிய ஃபிராங்க் பௌடன் என்பவருக்கு, 'சைக்கிள் ஓட்டுங்கள்' என்று டாக்டர் சொன்னாராம். உடம்பு தேறியது. தன்னைத் தேற்றிய சைக்கிளைச் செய்த சிறிய பட்டறையையே 1880-களின் கடைசியில் அவர் வாங்கிவிட்டார். வாரத்துக்கு மூன்று சைக்கிள் செய்துகொண்டிருந்த அந்தப் பட்டறை, 1951-இல் வருடத்துக்குப் பத்து லட்சம் சைக்கிள் செய்யும் தொழிற்சாலையாக வளர்ந்து நின்றது. பட்டறை தொடங்கிய தெருவின் பெயர் ராலி ஸ்ட்ரீட். சைக்கிளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

டம்ளருக்குள் சூரியனும் கிரகங்களும்

1902-இல் பௌடன் இன்னொரு கம்பெனி தொடங்கினார். அதில் பிறந்ததுதான் 'ஸ்டர்மி ஆர்ச்சர்' மூன்று கியர் ஹப்.

உள்ளே என்னதான் இருக்கிறது? நடுவில் அச்சோடு சேர்ந்து அசையாமல் நிற்கும் ஒரு சின்னப் பல்சக்கரம். அதன் பெயர் சூரியன். அதைச் சுற்றிவரும் குட்டிப் பல்சக்கரங்களுக்குக் கிரகங்கள் என்று பெயர். இவை எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு வெளியே ஒரு வளையம். கிட்டத்தட்ட நம் கோயில் நவகிரக மண்டபம்தான்!

1936-இல் வந்து உலகமெங்கும் ஓடிய 'ஏ.டபிள்யூ.' ஹப்பில் சூரியனுக்கு 20 பல், வளையத்துக்கு 60 பல். செயின் வளையத்தைச் சுற்றி, கிரகங்கள் சக்கரத்தைச் சுற்றினால், நான்கு சுற்றுக்கு மூன்று சுற்றுதான் கிடைக்கும். மேடு ஏறச் சுலபம். அதையே மாற்றி, செயின் கிரகங்களைச் சுற்றி, வளையம் சக்கரத்தைச் சுற்றினால், மூன்று சுற்றுக்கு நான்கு சுற்று. சமதரையில் பறக்கலாம். நேராக இணைத்தால் ஒன்றுக்கு ஒன்று. ஹேண்டில்பாரில் ஒரு சின்ன லீவர், அதிலிருந்து ஒரு கேபிள், அச்சுக்குள் நுழையும் துளியூண்டு சங்கிலி. இந்த மூன்றும்தான் எந்தக் கியர் என்பதை முடிவு செய்கின்றன. மழையும் சேறும் தூசியும் உள்ளே போக வழியில்லை. அவ்வப்போது கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும், பல பத்தாண்டுகள் உழைக்கும்.

காலை நிறுத்தினால் சைக்கிளும் நிற்கும்!

இதுவரை சொன்னது உலகம் அறிந்த ஹப். இதற்கு ஒரு விசித்திரமான தம்பி உண்டு.

நம் ஊர் சைக்கிளில் இறக்கம் வந்தால் என்ன செய்வோம்? மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போவோம். பின் சக்கரத்தில் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வரும். அதற்குக் காரணம் ஃப்ரீவீல். 'ஃபிக்ஸட் வீல்' சைக்கிளில் அது கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் இழுத்துப் பிடித்தால் வேகம் குறையும். பின்பக்கமாக மிதித்தால் சைக்கிள் பின்னாலேயே போகும். சர்க்கஸில் பின்னோக்கி ஓட்டிக் கைதட்டல் வாங்குகிறார்களே, அது இந்த வகைதான்.

அந்தக் கால பிரிட்டிஷ் சைக்கிள் கிளப்காரர்களுக்கு ஃபிக்ஸட் வீல் என்றால் உயிர். குளிர்காலத்தில் சாலை வழுக்கும்போது, பின் சக்கரம் என்ன செய்கிறது என்பது காலிலேயே தெரியும். கால்களுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் ஒரே கியர். நாட்டிங்ஹாமில் டெர்பி ரோடு மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். அதே மேட்டில் இறங்கினால் கால் தையல் மெஷின் ஊசி மாதிரி ஓடும்.

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவைக்கும் இப்போதைய கியரைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். முடியாது. அதில் தொய்வான செயினை ஒரு ஸ்பிரிங் கைதான் இழுத்துப் பிடித்திருக்கும். காலால் பிரேக் பிடிக்கும் அழுத்தம் செயினின் கீழ்ப்பக்கத்துக்கு வரும்போது அந்த ஸ்பிரிங் தாங்காது. ஆக, ஃபிக்ஸட் வீலுக்குக் கியர் வேண்டுமென்றால் அது ஹப்புக்குள் மட்டும்தான் இருக்க முடியும்.

நாட்டிங்ஹாம்காரர்கள் அதையும் செய்தார்கள். 1930-களில் இரண்டு கியர் ஃபிக்ஸட் ஹப். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் 'ஏ.எஸ்.சி.' என்ற மூன்று கியர் ஃபிக்ஸட் ஹப். இதில் நேர் இணைப்புதான் உச்ச கியர். அடுத்தது அதில் 90 சதவிகிதம், அதற்கும் கீழே 75 சதவிகிதம். உச்ச கியரில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் 6.3 மீட்டர் போகும் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கியரில் சுமார் 5.7 மீட்டர், கடைசிக் கியரில் சுமார் 4.7 மீட்டர். மேட்டுக்கு அது போதும்.

ஒரு குறையும் இருந்தது. முன்னால் மிதிப்பதிலிருந்து பின்னால் இழுப்பதற்குக் கால் மாறும்போது, உள்ளே பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியால் பெடலில் லேசான ஆட்டம் தெரியும். பழகியவர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனாலும் வாங்குபவர்கள் குறைவு. 1950-களிலேயே ஏ.எஸ்.சி. நின்றுபோனது. பிறகு அது பழைய சைக்கிள் பிரியர்கள் வலைவீசித் தேடும் பொக்கிஷம் ஆனது.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

தேவதைக் குழந்தைகள் இருக்கும் கட்டடத்துக்கு மறுபடி வருவோம். அங்கே இன்று மார்கஸ் கார்வி மையம் இயங்குகிறது. ஜமைக்காவில் பிறந்து, உலகமெங்கும் கறுப்பின மக்களைத் தலைநிமிரச் சொன்ன தலைவர் மார்கஸ் கார்வி.

இந்தப் பெயர் இந்தக் கட்டடத்தில் இருப்பது சாதாரண விஷயமில்லை. 1950-களில் கரீபியன் தீவுகளிலிருந்து நாட்டிங்ஹாமுக்கு வேலை தேடி வந்த கறுப்பினத்தவரை ராலி தொழிற்சாலை வேலைக்கு எடுக்கவில்லை. அவர்கள் ஊரிலும் தெருவெங்கும் ராலி சைக்கிள்தான் ஓடியது. வாங்க மட்டும் அவர்கள் வேண்டும், செய்ய வேண்டாமா? நாட்டிங்ஹாமில் இருந்த செயற்பாட்டாளர்கள் இந்தக் கேள்வியை ஜமைக்காவரை கொண்டுபோனார்கள். ஜமைக்காவின் தலைவர் நார்மன் மான்லி தலையிட்டார். அதன் பிறகே கதவு திறந்தது. பின்னாளில் கரீபியன் குடும்பங்களின் பல நூறு பேர் உழைத்த இடமாக ராலி மாறியது.

ஏரிக்கரையில் ஒரு லேத் சத்தம்

அங்கிருந்து இன்னும் மேற்கே நடந்தால் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம். நீண்ட செயற்கை ஏரி. கரையோரம் மரப்பலகை பதித்த கட்டடங்கள். கூரைகளில் காற்று வரும் திசைக்கேற்பத் திரும்பிக்கொள்ளும் உலோகக் கூண்டுகள். ஏரிக்கு நடுவே வட்டமாக ஒரு நூலகம். அதன் தளம் சுருளாக மேலே ஏறிக்கொண்டே போகும். லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு உலகின் பல நாட்டு மாணவர்கள் நடக்கிறார்கள்.

இவர்கள் நடக்கும் தரை, ஒரு காலத்தில் லேத்துகளும் பிரஸ்களும் இரைந்த ராலி தொழிற்சாலை. எழுத்தாளர் ஆலன் சில்லிட்டோ 14 வயதில் பள்ளியை விட்டு இங்கேதான் வேலைக்கு வந்தார். 1958-இல் வெளிவந்து புகழ்பெற்ற அவரது முதல் நாவலின் நாயகன் சைக்கிள் தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவன். நாவல் சினிமாவானபோது இந்தத் தொழிற்சாலையிலேயே படம் பிடித்தார்கள்.

ஜூபிலி வளாகம் திறக்கப்பட்டது 1999-இல். 2000-இல் ஸ்டர்மி ஆர்ச்சர் கைமாறியது. வாங்கியவர்களிடம் சில மாதங்கள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. நாட்டிங்ஹாமில் ஹப் செய்வது நின்றது. தைவானின் சன்ரேஸ் நிறுவனம் பெயரையும் இயந்திரங்களையும் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோனது. 2002 நவம்பரில் ராலியும் நாட்டிங்ஹாமில் சைக்கிள் செய்வதை நிறுத்தியது. அப்பா, மகன், பேரன் என்று ஒரே வாசலில் நுழைந்த குடும்பங்கள் வேறு வேலை தேடின.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு தூரத்து உறவு உண்டு. 1960-இல் ராலியை வாங்கியது இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். அதே நிறுவனம் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949-இல் தொடங்கியதுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஓட்டியவர்கள் எல்லாம் ஒருவகையில் இந்தக் குடும்பத்தின் சொந்தக்காரர்கள்!

தம்பி திரும்பி வந்தான்

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. 2000-களில் லண்டன், நியூயார்க் இளைஞர்களுக்கு ஃபிக்ஸட் வீல் மீது திடீர் மோகம் வந்தது. 2009-இல் தைவானிலிருந்து 'எஸ்3எக்ஸ்' என்ற ஹப் வெளிவந்தது. மூன்று கியர், ஃபிக்ஸட் வீல்! உச்சத்தில் நேர் இணைப்பு, பிறகு 75 சதவிகிதம், பிறகு 62.5 சதவிகிதம். அரை நூற்றாண்டுக்கு முன்னால் நாட்டிங்ஹாம் கைவிட்ட யோசனையை ஆசியா கையில் எடுத்தது. ஹப்பின் மேல் பழைய பெயரே இருக்கிறது: ஸ்டர்மி ஆர்ச்சர்.

அந்தப் பெயருக்கு உள்ளேயும் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. ஹென்றி ஸ்டர்மி ஒரு பத்திரிகை ஆசிரியர். ஜேம்ஸ் ஆர்ச்சர் ஒரு பொறியாளர். ஆனால் 1902-இன் மூன்று கியர் ஹப்புக்கு மூளையாக இருந்தவர் வில்லியம் ரைலி என்பவர் என்கிறார்கள் சைக்கிள் வரலாற்றாளர்கள். இதற்கு முன் அவர் உருவாக்கிய இரண்டு கியர் ஹப்புக்காகப் போட்ட ஒப்பந்தத்தால், புதியதைத் தன் பெயரில் பதிவு செய்ய முடியவில்லை. ஆகவே நண்பர் ஆர்ச்சர் பெயரில் பதிவானது. கோடிக்கணக்கான சக்கரங்களில் சுற்றிய பெயர்களில் ரைலி இல்லை.

நாட்டிங்ஹாம் போனால் வொல்லட்டன் பூங்காவில் இருக்கும் தொழில் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். திறந்திருக்கும் நாட்களை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பழைய ராலி சைக்கிள்கள் அங்கே பளபளவென்று நிற்கின்றன. வெளியே புல்வெளியில் மான்கள் மேய்கின்றன.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வீட்டுப் பரணையோ, தெருமுனைச் சைக்கிள் கடையையோ பார்க்கலாம். எங்காவது மூன்று கியர் வைத்த பழைய ராலி கண்ணில் பட்டால், பின் சக்கர ஹப்பைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடையுங்கள். அழுக்குக்குக் கீழே இரண்டு எண்கள் தெரியும். '56 4' என்று இருந்தால் 1956 ஏப்ரல் என்று அர்த்தம். அந்த மாதம் நாட்டிங்ஹாமில் யாரோ ஒரு தொழிலாளி அச்சடித்த எண் அது. அவர் பெயரும் எங்கும் இல்லை. ஆனால் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள், அவர் வேலை இன்னும் சுற்றும்!