நாடாத் தழும்பு

பிரிஸ்பேன்

அன்புள்ள அண்ணிக்கு,

கழுத்து, கன்னம், முதுகு என்று நீங்கள் வீட்டில் எல்லோரையும் நிற்கவைத்து எடுத்து அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. ‘இதுல எதுனா கேன்சரா இருக்குமான்னு அங்க டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லும்மா’ என்று கூடவே ஒரு குரல் செய்தி. கேட்டேன். படத்தைப் பார்த்து முடிவு சொல்வது தன் வழக்கமில்லை என்று எங்கள் குடும்ப டாக்டர் முதலிலேயே கையை விரித்துவிட்டார். பிறகு பொதுவாகக் கொஞ்சம் பேசினார். அதோடு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நீங்கள் பாதியை அம்மாவிடம் மாற்றிச் சொல்லிவிடுவீர்கள்.

நான் இருக்கும் ஊர் இந்த விஷயத்தில் பேர்போனது. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதுக்குள் மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஏதாவதொரு தோல் புற்று வந்துவிடும் என்று கணக்கு. அதிலும் குயின்ஸ்லாந்து வெயில் சும்மா விடாது. பள்ளிக்கூடத்தில் தொப்பி இல்லாத பிள்ளையை விளையாட விடமாட்டார்கள், நிழலில் உட்கார வேண்டியதுதான். ‘சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை’ என்று 1981-இல் ஒரு கார்ட்டூன் கடற்பறவையைத் தொலைக்காட்சியில் ஆடவிட்டார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று பேரன் பேத்திக்குக் களிம்பு பூசுகிறார்கள். இதெல்லாம் வெள்ளைத் தோலுக்கும் கடும் வெயிலுக்கும் உள்ள பகை. நம் தோலில் மெலனின் அதிகம், அது வெயிலைத் தடுக்கும். அதனால் நம்மவர்களுக்குத் தோல் புற்று குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், வராது என்று சொல்லவில்லை. நமக்கு வரும்போது அது வருகிற இடமும் வழியும் வேறு. இங்கே சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்து நம் ஊர் வாலாஜாபாத்தில் பயந்தால், பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்போம்.

முதலில் உங்கள் படங்கள். கழுத்தைச் சுற்றிச் சின்னக் காம்போடு தொங்கும் மருக்கள் பொதுவாக வெறும் தொங்கு சதைதான். உராய்வு படும் இடத்தில், உடம்பு போட்டால், வயது ஏறினால் வரும். ஆனால் அண்ணி, அந்தப் படத்தில் மருவைவிடப் பிடரிதான் என் கண்ணில் பட்டது. எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் தடித்துக் கறுத்திருக்கிறதே, அது அழுக்கில்லை. கவரிங் சங்கிலியும் காரணமாக இருக்காது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது பிடரியும் அக்குளும் இப்படிக் கறுப்பது உண்டு, மருவும் கூடவே வரும். கேன்சருக்குப் பயந்து படம் அனுப்பிய நீங்கள் முதலில் சர்க்கரை பாருங்கள். வெறும் வயிற்று அளவோடு நிற்காமல், மூன்று மாதச் சராசரியையும் பாருங்கள்.

கன்னத்தில் கடுகளவில் தெறித்திருக்கும் கறுப்புகள் நம் நிறத்துக்காரர்களுக்கு நாற்பதுக்கு மேல் சகஜம். நம் குடும்பத்துப் பெண்களில் அது இல்லாத முகத்தை நான் பார்த்ததில்லை. அப்பாவின் முதுகில் இருப்பது வயோதிக மரு மாதிரி இருக்கிறது. சுவரில் தட்டிய வறட்டி மாதிரி மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், ஓரத்தில் நகம் கொடுத்தால் பெயர்ந்துவிடும் போலத் தோன்றும், பெயர்க்காதீர்கள். அண்ணனின் முன்கையில் விரலுக்கடியில் நழுவுகிற மெத்தென்ற கட்டி கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். அது நழுவாமல் கெட்டிப்பட்டு, மாதத்துக்கு மாதம் வளர்ந்தால் விடக்கூடாது.

இவற்றுக்கு நம் ஊரில் வைத்தியத்துக்குக் குறைவா? தலைமயிரால் முடிச்சுப் போட்டுக் கட்டுவது, அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவுவது, சுண்ணாம்பை வைத்துப் பொசுக்குவது. கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதும் உப்பும் மிளகும் கொட்டுவதும் தனி. காஞ்சிபுரத்தில் தலைவலிக்கென்றே கச்சபேஸ்வரர் கோயிலில் கார்த்திகைக் கடைஞாயிற்றில் மண்சட்டியில் மாவிளக்கைத் தலையில் சுமக்கிற ஊர்க்காரர்கள் நாம். வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை. சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், தோல் வெந்து புண்ணாகிவிடும். ‘மரு, மச்சம் அகற்றப்படும்’ என்று போர்டு மாட்டிய அழகு நிலையமும் வேண்டாம். டாக்டர் பார்த்து மரு என்று சொன்ன பிறகு சுட்டெடுத்தால் பரவாயில்லை. என்னவென்று தெரியாத ஒன்றைச் சுட்டுவிட்டால் பரிசோதனைக்கு அனுப்பச் சதையே மிஞ்சாது.

மச்சத்துக்கு வருகிறேன். நம்மில் பலருக்கு மச்சங்களை ஒருவர் அக்கறையாகத் தேடிப் பார்த்தது ஒரே தடவைதான், பள்ளிக்கூடத்தில் அங்க அடையாளம் எழுதும்போது. ‘வலது முழங்கைக்குக் கீழ் ஒரு மச்சம்’ என்று டி.சி.யில் ஏறிவிட்டால் அத்தோடு அதை மறந்துவிடுகிறோம். அந்த அடையாளம் இன்றும் அதே மாதிரி இருந்தால் நல்லது. நியூயார்க் டாக்டர்கள் 1985-இல் ஒரு சுலபமான சோதனை சொல்லிவைத்தார்கள். மச்சத்தை நடுவில் பிரித்துப் பார்த்தால் இரண்டு பாதியும் ஒத்துப்போகிறதா, ஓரம் சீராக இருக்கிறதா, நிறம் ஒன்றா பலவா, ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போகிறதா. மாறிக்கொண்டே வருகிறதா என்பதைப் பின்னால் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் கடைசியாகச் சேர்த்ததுதான் முக்கியம். பிறந்ததிலிருந்து இருக்கும் பெரிய மச்சத்தைவிட, ஐம்பது வயதில் புதிதாகக் கிளம்பி, வளர்ந்து, நிறம் மாறி, தானாக ரத்தம் கசிகிற சின்ன மச்சம்தான் சந்தேகத்துக்குரியது. மூக்கோரம், கண்ணோரம் ஒரு பரு வந்து, பக்குக் கட்டி, உதிர்ந்து, மறுபடி பக்குக் கட்டிக்கொண்டே இருந்தாலும் காட்ட வேண்டும். நம் தோலில் அது கறுப்பாகவே தெரிவதால் மச்சம் என்று விட்டுவிடுவார்கள்.

இங்கே டாக்டர் என்னைச் சோதித்தபோது கைவிளக்கு மாதிரி ஒரு லென்ஸை வைத்து உச்சந்தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் சாக்ஸைக் கழற்றச் சொன்னார். நகப்பூச்சு இருந்தது, அதையும் அழிக்கச் சொன்னார். வெள்ளைக்காரர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று முதுகிலும் காலிலும் வெயில் பட்ட இடத்தில் வரும். கறுத்த தோல்காரர்களுக்கு வருவது அபூர்வம், வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் கட்டைவிரல் நகத்தடியில்தான் கண்டுபிடித்தார்கள். கால்பந்து ஆடியதில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். 1981-இல் முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். அண்ணன் நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு மிதிக்கிறார். அந்த உள்ளங்காலை யார் பார்த்தார்கள்? பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவும் அன்றைக்கு விளக்கைப் பிடித்து ஒரு தடவை பாருங்கள். நகத்தில் பழுப்புக் கோடு பல விரல்களில் இருந்தால் நம் நிறத்துக்கு அது இயல்பு. ஒரே நகத்தில் மட்டும் புதிதாக வந்து, அகலமாகி, நகத்தைத் தாண்டித் தோலிலும் இறங்கினால் காட்ட வேண்டும். மருதாணி போட்ட கையோடும் காலோடும் போகாதீர்கள், ஒன்றும் தெரியாது.

இத்தனையும் சொன்னேனே தவிர, இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. அதன் படத்தை நீங்கள் அனுப்பவில்லை.

அம்மாவுக்கு எண்ணெய் தேய்க்கும்போது பார்த்திருப்பீர்கள். இடுப்பில் பாவாடை நாடா முடிச்சு விழும் வலப்பக்கம் தோல் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்து, கறுத்துத் தடித்திருக்கும். சித்திரை வெயிலில் வேர்த்து அரிக்கும், சொறிவார், தோல் உரியும், பவுடரைக் கொட்டுவார், மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே முடிச்சு. கல்யாணம் காட்சி என்றால் பட்டுச்சேலை கனம் தாங்கவும் கொசுவம் நழுவாமல் இருக்கவும் இன்னும் ஒரு சுற்று இறுக்கம். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்தத் தழும்பு இல்லாத கிழவி உண்டா?

2024-இல் மகாராஷ்டிரத்து வார்தாவிலும் பீகாரின் மதுபனியிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளின் டாக்டர்கள் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு எழுபது வயது, வலது விலாவுக்குக் கீழே ஆறாத புண், பதினெட்டு மாதமாக. புடவைக்கடியில் பாவாடையை இறுக்கிக் கட்டும் வழக்கம். இன்னொருவர் அறுபதுகளில் இருப்பவர், பாவாடை இல்லாமல் லுகடா என்ற சேலையையே இடுப்பில் இறுக்கிக் கட்டுபவர், அவருக்கு இரண்டு வருடப் புண். இரண்டும் தோல் புற்று. இரண்டாமவருக்கு அது தொடை இடுக்கு நெறிக்கட்டி வரை போயிருந்தது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் கனோல்கரும் அவருடன் வேலை பார்த்த சூர்யாபாயும் 1945-லேயே வேட்டி இறுக்கும் இடுப்பில் வரும் புற்றைப் பற்றி எழுதிவிட்டார்கள். எண்பது வருடம் ஆகிறது. நம் வீட்டுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

சேலை கட்டினாலே கேன்சர் என்று யாராவது கிளப்பிவிட்டால் நம்பாதீர்கள், நம் பிழைப்பே சேலையில்தான். கோடிக்கணக்கான பேர் கட்டுகிறார்கள், இது வருவது மிக அபூர்வம். குற்றம் துணியின் மேல் இல்லை. ஒரே இடத்தில் வருடக்கணக்கில் தேய்ந்து, புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகிற தோல் கடைசியில் வழி தவறிவிடுகிறது. நாட்பட்ட தழும்பில் வரும் புற்றுக்கு மார்ஜோலின் என்ற பிரெஞ்சு டாக்டரின் பேர், அவர் எழுதியது 1828-இல். காஷ்மீரில் குளிருக்குக் காங்கிரி என்ற கணப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்து வயிறும் தொடையும் வெந்து வெந்து புற்றானதை எல்ம்ஸ்லி என்ற பாதிரி டாக்டர் 1866-இல் எழுதினார். இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில் இயந்திர எண்ணெய் தெறித்துக் கால்சட்டை நனைந்தே வேலை பார்த்தவர்களுக்குக் கவட்டியில் புற்று வந்தது, 1922-இல் மான்செஸ்டர் டாக்டர்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள். நம் தறியில் அந்த எண்ணெய் இல்லை. ஆனால் சின்ன வயதில் வடித்த கஞ்சி கொட்டிய தழும்பு நம் தெருவில் எத்தனை காலில் இருக்கிறது! முப்பது வருடம் சும்மா இருந்த தீத்தழும்பு திடீரென்று வெடித்து, புண்ணாகி, ஓரம் மேடாகித் தடித்து, நாற்றமெடுத்தால் களிம்பு தடவிக்கொண்டு உட்காரக்கூடாது.

நம் பக்கத்து ஜனங்களுக்குத் தோலைப் பற்றி ஒரு பாடத்தை நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வாலாஜாபாத்தில் ரயிலேறினால் செங்கல்பட்டு, அங்கே திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம். ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்று சுவரெல்லாம் எழுதி எழுதி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் அது மனப்பாடம். ‘நான்கு வாரத்தில் ஆறாத புண்’ என்று யாரும் சுவரில் எழுதவில்லை. அதனால் நம் வீட்டில் புண் ஆறாவிட்டால் உடனே வரும் வார்த்தை, ‘சக்கர இருக்கில்ல, அதான்.’ சர்க்கரையில் புண் ஆறத் தாமதமாகும் என்பது உண்மைதான். அந்த உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒரு வருடத்தைத் தள்ளிவிடுகிறோம். அதற்குப் பிறகு டாக்டரிடம் போனாலும் பயாப்சி என்றதும் அடுத்த தடை, ‘கத்தி பட்டா பரவிடும்.’ பரவாது அண்ணி. மரப்பூசி போட்டுச் சோற்றுப் பருக்கையளவு சதை எடுப்பார்கள், அவ்வளவுதான். பரவுவது பரிசோதனை பண்ணாமல் தள்ளிப்போடும் மாதங்களில். இந்தப் புற்றை ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் வெட்டியெடுப்பதோடு முடிந்துவிடும்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். நேராகப் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஓட வேண்டாம். காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையிலோ செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியிலோ தோல் பிரிவில் காட்டுங்கள். தேவையென்றால் அவர்களே காரப்பேட்டை புற்றுநோய் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுப்பார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவே 1969-இல் உணவுக்குழாய்ப் புற்றில்தான் போனார், அவர் பேரில்தான் அங்கே அந்த மருத்துவமனை இருக்கிறது. இன்னொன்று, அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுவதை இன்னும் விடவில்லை என்றால் வாயையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம்மவர்களுக்குத் தோலைவிட வாயில் வருவதுதான் மிக அதிகம்.

அம்மாவின் இடுப்பைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். வெறும் கறுப்பு என்றால் பயமில்லை, முடிச்சைத் தினமும் இடம் மாற்றிப் போடச் சொன்னால் போதும். நாடாவை உருவிவிட்டு நாலு விரல் அகலத்தில் துணிப்பட்டை வைத்துத் தைக்க நம் தெரு தையற்காரரிடம் கொடுங்கள். வீட்டில் இருக்கும்போது நைட்டி போடட்டும். புண் இருந்தால் இந்த வாரமே கூட்டிப் போங்கள். அண்ணனுக்கு அரைஞாண் கயிறு தேய்க்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லாதீர்கள். ‘ஊரவிட்டுப் போனவ, எனக்குப் பாவாடை கட்டச் சொல்லித் தர்றாளா’ என்று ஆரம்பித்துவிடுவார். செங்கல்பட்டு டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள், கேட்பார்.

உங்கள் சர்க்கரை ரிப்போர்ட்டையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்