சேர்ந்த தேதி

எதிர்வீட்டுத் தம்பி இங்கே புதுச்சேரியில் பேக்கரி நடத்துகிறார். பன்னிரண்டு பேர் வேலை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டங்கள் வந்துவிட்டனவே என்று என்னிடம் வந்தார். "சார், இதுவரை கொடுக்காதவங்களுக்கு மூணு மாசத்துல நியமனக் கடிதம் கொடுக்கணுமாம். நீங்கதான் எழுதித் தரணும்."

பழைய குமாஸ்தாவுக்கு வேறென்ன வேலை! எழுதினேன். படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிச்சமும் சம்பளக் கணக்கில் சேரும் என்பதையும் சொல்லிவைத்தேன்.

அடுப்படிப் பெரியவரிடம் வந்ததும் நின்றது. இருபத்திரண்டு வருஷ ஆள். "இன்னைக்குத் தேதியே போட்டுடுங்க சார்." வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் பணிக்கொடை, அந்தக் கணக்கு தம்பிக்கு அத்துப்படி.

பிரெஞ்சுப் பள்ளியில் நோட்டில் தேதி போடாமல் ஒரு வரி எழுத விடமாட்டார்கள். அப்படிப் படித்த நானே, மேலதிகாரி சொன்னார் என்று ஒரு தினக்கூலியின் தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். அவருக்குப் பென்ஷன் வரவில்லை.

"மாசாமாசம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்க தம்பி, மொத்தமாக் கொடுக்கும்போது முட்டாது. உண்மைத் தேதின்னா எழுதறேன்" என்றேன்.

பதினோரு கடிதங்களை வாங்கிக்கொண்டு போனார். ஒன்று என் மேஜையில் கிடக்கிறது.