அறுந்த இழை சொல்லும் செய்தி

மோட்டார் வண்டியில் பழுதாகும் பொருள்களுள் மிகவும் மலிவானது பியூஸ். விரல் நகத்தளவே உள்ள பிளாஸ்டிக் கூடு. அதனுள்ளே வளைந்து நிற்கும் மெல்லிய உலோக இழை. அது போய்விட்டால் சில ரூபாய்க்கு வேறொன்றை வாங்கிச் செருகுகிறோம். வண்டி மீண்டும் ஓடுகிறது. ஒரு முறை போனால் அதைப் பற்றி அதிகம் சிந்திக்க வேண்டியதில்லை. பல்லாண்டு உழைத்த இழை தானாகவே தளர்ந்து அறுவதும் உண்டு. ஆனால், அதே இடத்தில் மறுபடியும் மறுபடியும் அறுந்தால், குறை பியூஸில் இல்லை. பியூஸ் வேறொரு குறையை நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதே பொருள்.

நம் பாடநூல்கள் இதற்கு 'உருகி' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கின்றன. இதன் வரலாறு மோட்டார் வண்டியைவிடப் பழையது. தந்தி நிலையங்களை இடியிலிருந்து காக்க, கம்பியின் ஒரு பகுதியை மெல்லியதாக அமைக்கலாம் என்று பிரெகெ என்ற பிரஞ்சுக்காரர் 1847-ஆம் ஆண்டிலேயே யோசனை கூறினார். எடிசன் 1890-ஆம் ஆண்டு தம் மின் விநியோக முறைக்காக உருகிக்குக் காப்புரிமை பெற்றார். கருத்து மிக எளியது. நீண்ட பாதையில் ஓரிடத்தை மட்டும் வேண்டுமென்றே பலவீனமாக வைத்துவிடுகிறோம். மின்னோட்டம் அளவுக்கு மீறினால் அந்த இடம் முதலில் உருகி அறும். ஏனைய பகுதி தப்பும். ஆகவே பியூஸ் முதன்மையாகக் காப்பது விளக்கையன்று. விளக்குக்குச் செல்லும் ஒயரை. இதை மறந்தால் விபரீதம் நேரும்.

நம் குடும்பத்தார் 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு நிக்காஹ்வுக்காக நாகூரிலிருந்து கீழக்கரைக்குப் புறப்பட்டோம். வண்டிக்கு வயது பன்னிரண்டு. புறப்படுவதற்கு முந்திய பதினைந்து நாட்களில் அதன் பத்து ஆம்பியர் பியூஸ் ஒன்று மூன்று முறை போயிருந்தது. பின்பக்கச் சிவப்பு விளக்குகள், எண்பலகை விளக்கு, முன்பக்கத்துச் சிறு விளக்குகள், வேகமானியின் முகத்தை ஒளிரச் செய்யும் விளக்குகள் ஆகிய அனைத்துக்கும் அந்த ஒரே பியூஸ்தான் காவல். முகப்பு விளக்குகளுக்கு மட்டும் தனிப் பியூஸ்.

அபாயம் இங்கேதான் ஒளிந்திருந்தது. முகப்பு விளக்கு போனால் ஓட்டுபவர் அந்தக் கணமே அறிவார். இந்தப் பியூஸ் போனாலோ முன்னே சாலை பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கும். பின்னே வண்டி இருளில் கரைந்துவிடும். வேகமானி இருண்டுபோவது ஒன்றே அடையாளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்துப்பேட்டைக்கும் தொண்டிக்கும் இடையே விளக்கே இல்லாத நெடுந்தொலைவுகள் உண்டு. உப்பும் மீனும் ஏற்றிய லாரிகள் அங்கே இரவில் விரைகின்றன. பின்னிருக்கையில் நம் தாயாரும் இரண்டு குழந்தைகளும் அமர்ந்திருந்தார்கள்.

ஊரில் நாம் அணுகிய ஒரு பட்டறையில் இதற்கு எளிய வைத்தியம் சொன்னார்கள். சிவப்பு நிறத்துப் பத்து ஆம்பியர் பியூஸை எடுத்துவிட்டுப் பச்சை நிறத்து முப்பது ஆம்பியரைப் போட்டுவிட்டால் இனிமேல் போகவே போகாது என்றார்கள். நாம் சம்மதிக்கவில்லை. காரணம் சாதாரணக் கணக்கு. அந்தச் சுற்றிலுள்ள எல்லா விளக்குகளையும் கூட்டினாலும் முப்பத்தைந்து வாட் அளவே வரும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் அதற்கு மூன்று ஆம்பியர் போதும். மூன்று தேவைப்படும் இடத்தில் பத்து போதாமல் போகிறதென்றால், எங்கோ ஓரிடத்தில் ஒயர் தோலுரிந்து வண்டியின் இரும்பைத் தொடுகிறது. அப்படித் தொட்டால் பேட்டரி சில நூறு ஆம்பியரைக்கூடக் கொட்டும். அப்போது முப்பது ஆம்பியர் இழை அறுவதற்குள் மெல்லிய ஒயர் பழுத்து, அதன் பிளாஸ்டிக் உறை எரியத் தொடங்கிவிடலாம். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பவர்களும் இதே நெருப்பைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள்.

சரியான அளவுப் பியூஸ்கள் நாலைந்தைக் கைவசம் வைத்துக்கொண்டு, பகலிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்பினோம். அதிராம்பட்டினத்தில் உறவினர் வீட்டில் தாமதமாயிற்று. பலகாரப் பெட்டிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டபோது வேகமானி இருண்டிருந்தது. புதிய பியூஸைச் செருகினோம். மீமிசலைத் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அதுவும் போயிற்று. அடுத்ததைச் செருகி, மெதுவாக ஊர்ந்து, மஃரிபுக்குச் சற்றுப் பின்னர் தொண்டியை அடைந்தோம்.

அங்கே கடை மூடும் நேரத்தில் ஒரு முதிய எலக்ட்ரீஷியன் கிடைத்தார். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பெப்பப் போகுது, அதச் சொல்லுங்க தம்பி."

"நேரம் காலமே இல்லை, காக்கா. இன்று மட்டும் இரண்டு முறை."

"அதுக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

நாம் நினைவுகூர்ந்தோம். ஒரு முறை பெட்டி ஏற்றிய பின். ஒரு முறை வேகத்தடையில். ஊரில் போன மூன்றில் இரண்டு, கடைத்தெருவிலிருந்து சாமான் ஏற்றி வந்த நாட்கள். அவர் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

இருபத்தொரு வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து வைத்திருந்தார். பியூஸைக் கழற்றி, அது இருந்த இடத்தில் அந்தப் பல்பின் இரு முனைகளையும் பொருத்தினார். பின்விளக்கு, முன்னுள்ள சிறு விளக்கு, எண்பலகை விளக்கு எல்லாவற்றின் பல்புகளையும் கழற்றி ஓரமாக வைத்தார். விளக்குச் சுவிட்சைப் போட்டதும் வேகமானியின் குட்டி விளக்குகள் மட்டும் எரிந்தன. அவர் பல்பு எரியவில்லை. "இப்ப எங்கயாவது ஒயர் இரும்பத் தொட்டா, இது பளீர்னு எரியும். பியூஸுன்னா ஒரு தடவை சொல்லிட்டுச் செத்துப்போவும், இது சொல்லிக்கிட்டே இருக்கும்" என்றார்.

பிறகு ஒயர் செல்லும் வழியெங்கும் கையால் தடவி அசைத்துக்கொண்டே சென்றார். முன்புறம் அசைத்தார், பல்பு உறங்கியது. இருக்கைக்கு அடியிலே அசைத்தார், உறங்கியது. டிக்கியின் மூடியைப் பாதி தூக்கினார். பல்பு பளீரென்று எரிந்தது. அதே நொடியில் வேகமானி அணைந்தது. மூடியை இறக்கினார், பல்பு அணைந்து வேகமானி மீண்டும் ஒளிர்ந்தது. பின்னிருக்கையில் இருந்த குழந்தைகள் கைதட்டினார்கள்.

மூடியின் கீலருகே, எண்பலகை விளக்குக்குச் செல்லும் ஒயர் ஒரு ரப்பர் குழாய்க்குள் நுழைகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஒயர் ஒரே இடத்தில் வளைந்து நிமிர்ந்திருக்கிறது. ரப்பர் காய்ந்து வெடித்து, ஒயரின் உறையும் கீறி, உள்ளிருந்த செம்பு அரை அங்குலம் வெளியே தெரிந்தது. பழுதுபட்ட துண்டை வெட்டியெறிந்து, வளைந்து கொடுக்கும் புதிய ஒயரைச் சற்றுத் தொய்வாக விட்டு ஈயம் வைத்து இணைத்து, உறை மாட்டி, வேறொரு ரப்பர் குழாயைப் பொருத்தினார். பத்து ஆம்பியர் சிவப்புப் பியூஸையே மறுபடி செருகினார். மூடியை இருபது முறை திறந்து மூடிப் பார்த்த பின்னரே கூலி கேட்டார். அந்த வண்டியை நாம் விற்கும் வரை அந்தப் பியூஸ் போகவில்லை.

அன்று அந்த முதியவர் கையாண்ட முறையில் மாயம் ஏதும் இல்லை. எப்போது நிகழ்கிறது என்று கேட்டார். இருக்க வேண்டிய அளவு எது என்பதை அறிந்திருந்தார். சந்தேகத்துக்குரியவற்றை ஒவ்வொன்றாக விலக்கினார். மிஞ்சியதை அசைத்துப் பார்த்தார். பட்டறைக்காரர் விரும்பியதோ, செய்தி சொல்பவனின் வாயை அடைத்துவிடுவது. குடும்பங்களிலும் இதை நாம் காணாமல் இல்லை. அடிக்கடி சினம் கொள்ளும் ஒரு பிள்ளையை அதட்டி அடக்கிவிடுகிறோம். வீடு அமைதியாகிவிட்டதென்று மகிழ்கிறோம். எந்த வேளையில், எதற்குப் பின்னால் அந்தச் சினம் எழுகிறது என்று கேட்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. அதட்டல் முப்பது ஆம்பியர் பியூஸ் போன்றது. ஒயர் உள்ளே பழுத்துக்கொண்டேயிருக்கும்.

வண்டி வைத்திருப்போர் மூன்றை மனத்தில் கொள்வது நல்லது. பியூஸ் பெட்டியின் மூடியில் எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அதைவிடப் பெரியதை ஒருபோதும் செருகலாகாது. ஒரே பியூஸ் இரண்டாம் முறையும் போனால், அதற்குச் சற்று முன் என்ன செய்தோம் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, தேர்ந்தவரிடம் அந்தக் குறிப்புடன் செல்ல வேண்டும். மூன்றாவதாக, இரவுப் பயணம் புறப்படும்முன் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரை வண்டியின் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லி, சிவப்பு விளக்கு இரண்டும் எரிகின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுபவர் கண்ணுக்கு ஒருநாளும் தெரியாத விளக்குகள் அவை.