பொன்னெழுத்தில் தொலையும் புள்ளி

நம்மவர் வீடுகளில் ஒருவர் மறைந்தால் 31ஆம் நாளில் நினைவு மலர் வெளியிடும் வழக்கம் யாழ்ப்பாணத்தைப் போலவே ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தொடர்கின்றது. வசதி படைத்தோர் அதற்குக் கெட்டி அட்டை கட்டுவித்துப் பொன்னெழுத்தும் பதிப்பிக்கின்றனர். அத்தகைய மலரொன்று சில ஆண்டுகளுக்கு முன்னர் என் கைக்கு வந்தது. அட்டையில் 'நினைவு மலர' என்றிருந்தது. உள்ளே ஓர் எழுத்துப்பிழை இல்லை. மறைந்தவரின் பெயர் 'ன்' என முடிவது. அட்டையிலோ அதுவும் புள்ளியிழந்து நின்றது. அச்சகத்தின் பெயர் இங்கு வேண்டாம். பிரதிகள் அதற்குள் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டன.

ஒப்புநோக்கியவரைக் குறைகூறுவது எளிது. அவர் பார்த்த தாளில் புள்ளி இருந்திருக்கும். அது தொலைந்தது 'புளொக்' செய்யும் இடத்தில்.

மக்னீசியத் தகட்டில், எழுத்து நிற்கவேண்டிய இடம் தவிர ஏனையவற்றை அமிலம் அரித்தெடுக்கிறது. எஞ்சி மேடாக நிற்பதே எழுத்து. புள்ளியோ துணையற்ற தனித்தூண். அமிலம் பக்கவாட்டிலும் கடிப்பதால் முதலில் சாய்வது அதுதான். தப்பி நிற்பவற்றுக்கு அடுத்த சோதனை சூடும் அழுத்தமும். அங்கே மினுக்கம் பரவி 'ண', 'ஞ' ஆகியவற்றின் சுழிகளை அடைத்துவிடும். (பொன் என்கிறோமே, அந்தத் தாளில் பளபளப்பது மஞ்சள் மெருகிட்ட அலுமினியம்!)

ஆகவே மூலப்படம் முழுக் கறுப்பிலும் வெள்ளையிலும் மட்டுமே இருக்க வேண்டும். சாம்பல் நிறத்திற்கு இங்கு இடமில்லை. கோடு கால் மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. இடைவெளி அதனினும் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. சொரசொரப்பான துணி அட்டையென்றால் இரண்டையும் இன்னும் தடிப்பாக்க வேண்டும். மெல்லிய எழுத்துருவில் மயங்கும் வடிவமைப்பாளர்கள் புள்ளியைப் பெருப்பிக்கச் சொன்னால் அழகு கெடும் என்பர். புள்ளியில்லாத மெய்யெழுத்தில் என்ன அழகு?

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. 'பாமினி' எழுத்துருவில் அமைத்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். எனவே எழுத்துக்களை வெறும் கோட்டுருவங்களாக மாற்றி அனுப்புவார்கள். மாற்றியபின் அது எழுத்தன்று, படம்; தட்டச்சிட்டுத் திருத்த இயலாது. மாற்றுமுன் ஒருமுறை, மாற்றியபின் உண்மை அளவில் அச்சிட்டு மறுமுறை எனத் தமிழறிந்த ஒருவர் இருமுறை படித்தாக வேண்டும். நமது அச்சகங்கள் பலவற்றில் இந்த இரண்டாவது வாசிப்பு நடப்பதேயில்லை. இடவலம் மாற்றுவது யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் மாற்றினால் எழுத்துத் தலைகீழ்க் கண்ணாடியாகிவிடும்.

புளொக் கைக்கு வந்ததும் முத்திரை மையை மெல்லத் தடவி வெள்ளைத் தாளில் ஒற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.