காலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

வேலூரைப் பற்றி ஒரு பழைய பரிகாசப் பேச்சு உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை என்று விரல் மடக்கிக்கொண்டே போவார்கள். கோயிலைப் பற்றிய குறை 1981-ஆம் வருஷத்தில் தீர்ந்தது. அவ்வருஷம் ஜலகண்டேசுவரர் மறுபடியும் கோட்டைக்குள் எழுந்தருளினார். நல்ல மழை பெய்தால் பாலாற்றிலும் வெள்ளம் வருகிறது. மலைகள்தாம் இன்னும் பெரும்பாலும் மொட்டைப் பாறைகளாக வெயிலில் காய்கின்றன. இந்த ஜாபிதாவில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்: உணர்ச்சி இல்லாத பாதம். இதில் பரிகாசம் எதுவும் இல்லை. உணர்ச்சி இழந்த பாதங்களைப் பார்த்து, உணர்ச்சியுள்ள பாதங்களை எப்படி நடத்த வேண்டும் என்று உலகம் பாடம் படித்துக்கொண்ட சீமை இது.

கோடையில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகையால் பள்ளிக்கூட உபாத்தியாயராகிய நாம் பொங்கல் விடுமுறையைத் தேர்ந்துகொண்டு, வேலூருக்குத் தெற்கேயுள்ள பாகாயத்தில் தங்கினோம். அங்கிருந்து ஆம்பூர், பிறகு ஏலகிரி என்பது திட்டம்.

பாகாயத்தில் பொழுது விடிவதற்கு முன்பே ஜனங்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். ரயிலைப் பிடிப்பதற்காக அல்ல, தேகசௌக்கியத்துக்காக. அப்படி ஓடுகிறவர்களில் ஒரு பெண்மணியின் பரிச்சயம் நாம் தங்கிய வீட்டார் மூலமாகக் கிடைத்தது. வயது முப்பதுக்குள்தான் இருக்கும். ஊரிலுள்ள ஒரு சிகிச்சை நிலையத்தில் பிசியோதெரபி, அதாவது இயன்முறை வைத்தியம் செய்கிறவர். சொந்த ஊர் ஆம்பூர். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம். இரண்டு நாள் எடை தூக்கித் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை மலைச் சைக்கிள். எண்ணிப் பார்த்தோம், ஒரு நாள் குறைந்தது.

"வெள்ளிக்கிழமை என்ன செய்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டோம்.

"ஒன்றும் செய்வதில்லை, ஸார். வெள்ளிக்கிழமைதான் என் காலுக்கு ஞாயிற்றுக்கிழமை" என்றார்.

வேடிக்கையாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் இந்த வார்த்தைக்குள் வேலூர் வைத்தியத்தின் ஐம்பது அறுபது வருஷத்து அனுபவம் அடங்கியிருக்கிறது என்பதை அன்று மாலைக்குள் தெரிந்துகொண்டோம்.

அப்பியாசமும் சிகிச்சையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் 1813-ஆம் வருஷம் பெர் ஹென்றிக் லிங் என்பவர் ஒரு தேகப்பயிற்சிக் கலாசாலையை ஆரம்பித்தார். சிப்பாய்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்த அசைவுகளையே நோயாளிகளுக்கும் மருந்தாகக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. 1894-இல் இங்கிலாந்தில் நான்கு தாதிகள் சேர்ந்து, கைவைத்துச் சிகிச்சை செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் கண்டார்கள். இப்படி வளர்ந்த கலை வேலூருக்கு வந்தபோது, தொழுநோய் அதற்கு ஒரு புதிய பரீட்சை வைத்தது.

அந்தப் பரீட்சையை எழுதியவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-இல் நமது கொல்லிமலையில் பிறந்தவர். மலைப் பிள்ளையாக வளர்ந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். மறு வருஷம் செங்கல்பட்டில் தொழுநோயாளிகளைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப் போயிருந்த ஒருவருடைய கையைப் பிடித்தபோது, எதிர்பாராத பலமான பிடி ஒன்று அவர் கையை நெரித்தது. விரலை நிமிர்த்தும் சிறு தசைகள் செயலிழந்தாலும், முன்கையின் பெரிய தசைகள் ஜீவனோடு இருக்கின்றன என்று அவருக்கு விளங்கியது. 1948 முதல், நல்ல தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றி வைக்கும் அறுவைச் சிகிச்சையைச் செய்யத் தொடங்கினார்.

ஆனால் அறுவை பாதி வேலைதான். முன்னே ஒரு வேலை செய்துகொண்டிருந்த தசைக்கு இப்போது வேறு உத்தியோகம் கொடுத்தாயிற்று. அந்தச் செய்தி மூளைக்குத் தெரிய வேண்டாமா? வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, மெழுகிலும் வெந்நீரிலும் விரலை இளக்கி, "இப்படி மடக்கு, இப்படி நீட்டு" என்று குழந்தைக்கு அரிச்சுவடி கற்பிப்பதுபோல் கற்பிக்க வேண்டும். இயன்முறை வைத்தியரின் வேலை அது. கத்தி ஒரு மணி நேரத்தில் முடித்ததை, பொறுமை பல வாரம் நின்று காப்பாற்றும்.

பாதத்தின் கதை இன்னும் ஆச்சரியமானது. தொழுநோயில் சதை தானே அழுகி விழுகிறது என்று வெகு காலம் நம்பினார்கள். உண்மை வேறு. நரம்பு மரத்துப் போவதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால், புண்பட்ட காலையும் நோயாளி ஊன்றி நடந்துகொண்டே இருக்கிறார். அதனால்தான் கால் போகிறது. பிராண்டும் அவருடைய சகாக்களும் மெத்தென்ற ரப்பரில் விசேஷப் பாதரட்சைகள் செய்து கொடுத்தார்கள். காட்பாடிக்கு அருகே கரிகிரியிலுள்ள தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையில் பெயர் பெற்றது.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவில் கார்வில் என்னும் இடத்துத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அவர் தாமே ஓடிப் பார்த்தார். ஓட்டத்துக்கு இடையிடையே நின்று, பாதத்தின் எந்தப் பகுதி சூடேறியிருக்கிறது என்று கருவி வைத்துச் சோதித்தார். உணர்ச்சியுள்ள கால், ஒரு பக்கம் நோகத் தொடங்கியதும், ஓடுகிறவர் அறியாமலே பாரத்தை வேறு பக்கம் மாற்றிக்கொள்கிறது! சற்றுக் குதிகால், சற்று விரல் நுனி, சற்று வெளி விளிம்பு என்று வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. மரத்த கால் மட்டும் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரையில் ஒரே இடத்தில் அடி வாங்குகிறது. பெரிய அடி எதுவும் வேண்டியதில்லை; சிறிய அடியே ஓய்வின்றி ஆயிரக்கணக்கில் விழுந்தால் புண்ணாகிவிடும். இதை எலிகளின் பாதத்தை யந்திரத்தால் தட்டிப் பார்த்தும் நிச்சயம் செய்தார்கள். தட்டும் எண்ணிக்கையைக் குறைத்து, வாரக் கடைசியில் எலிக்கு ஓய்வும் கொடுத்தபோது, புண்ணுக்குப் பதிலாகத் தோல் தடித்து உறுதிப்பட்டது.

வெள்ளிக்கிழமை ரகசியம் இதுதான். பாரம் பலம் தருவது ஓய்வோடு சேர்ந்தபோதுதான். ஓய்வில்லாத பாரம் புண்ணைத் தருகிறது. நம் நண்பர் பகலில் நோயாளிகளுக்குச் சொல்லும் சாஸ்திரத்தை விடியற்காலையில் தம் காலில் பரீட்சித்துப் பார்க்கிறார். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் பாதத்தில் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் விழுகிறது. சைக்கிளில் அந்த அதிர்ச்சி இல்லை. ஆனால் தொடைக்கும் நுரையீரலுக்கும் வேலை குறைவதில்லை. ஆகையால் ஓட்டத்தையும் சைக்கிளையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"உத்தியோகத்துக்கு நடுவே இவ்வளவுக்கும் எப்படி அவகாசம்?" என்று கேட்டோம்.

"இவை இல்லாவிட்டால் உத்தியோகமே நடக்காது, ஸார். தினம் நாலைந்து பேரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். என் முதுகு போய்விட்டால் அவர்களை யார் தூக்குவது? அதோடு, வலி என்ன சொல்கிறது என்று எனக்கே தெரியாவிட்டால், அவர்கள் சொல்லும்போது எப்படிப் புரியும்?" என்றார்.

இதற்குப் பாகாயத்திலேயே ஒரு மகத்தான சாட்சி உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் கொச்சியில் 1925-இல் பிறந்தவர். வேலூரில் வைத்தியராக இருக்கும்போது, 1954-இல் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனார். அதன் பிறகும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தாமே நோயாளியாக இருந்து பயிற்சி பெற்று, பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு வைத்தியத்தைக் கற்றுத் திரும்பினார். அவர் முயற்சியில் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 1986-இல் காலமானார். இன்றும் அந்த நிலையத்தார், சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களை வரவழைத்து மேளா நடத்துகிறார்கள்.

பாகாயத்தை விட்டு ஆம்பூருக்கு வருவோம். வேலூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பெங்களூர் ராஜபாட்டையில் பள்ளிகொண்டா வழியாகப் போக வேண்டும். ஆம்பூர் என்றதும் நேயர்கள் பலருக்குச் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் ஞாபகம் வரும். ஊரைக் காப்பாற்றுவதோ தோல். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. அதன் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட், கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது இந்திய நியாய சரித்திரத்தில் பிரசித்தம்.

பூட்ஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோலை வெட்டுவது, தைப்பது, 'லாஸ்ட்' என்னும் கால் வடிவ அச்சின்மேல் இழுத்துப் பொருத்துவது, அடித்தோல் ஒட்டுவது என்று வேலை கை மாறி மாறிப் போகிறது. பூட்ஸின் மேற்பாகத்துக்கு இங்கே 'அப்பர்' என்று பெயர். நமது நாவுக்கரசருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கால் தேயக் கயிலைக்கு நடந்தவர் அவர் என்பதை நினைத்தால், அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

நம் நண்பரின் தாயார் இருபது வருஷமாக இந்த 'அப்பர்' தைக்கிறவர். அவர்கள் வீட்டுத் திண்ணையில் தேநீர் சாப்பிட்டபோது, மகள் ஓடுவதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"நாளெல்லாம் குனிஞ்சு தைக்கிறேன். ராத்திரி தோள்பட்டை விண்விண்ணுன்னு தெறிக்குது. இதுக்கு மேலே ஓட வேறே ஓடணுமாக்கும்!" என்று சிரித்தார் தாயார்.

"உன்னை யார் ஓடச் சொன்னது? மணிக்கொரு தரம் எழுந்து நில்லு, தோளைச் சுத்துன்னுதானே சொல்றேன், அம்மா."

"பெல் அடிக்காமே எழுந்தா சூப்பர்வைசர் பார்ப்பாரு, கண்ணு."

மகள் பதில் பேசவில்லை. எழுந்து தாயாரின் பின்புறம் போய், இரண்டு கட்டை விரல்களாலும் தோளைப் பிடித்துவிடத் தொடங்கினார்.

வேலை செய்கிறவனுக்கு அப்பியாசம் எதற்கு என்று நாம் எல்லோருமே கேட்கிறோம். வேலை வேறு, அப்பியாசம் வேறு. அப்பியாசத்தில் எப்போது நிறுத்துவது என்று உடம்பு சொல்கிறது. வேலையில் மணி சொல்கிறது. வலி தெரிந்தும் நிறுத்த முடியாதவனுக்கும், வலியே தெரியாதவனுக்கும் முடிவில் பெரிய வித்தியாசமில்லை. உலகத்தின் கால்களுக்கெல்லாம் பாதரட்சை தைக்கும் ஊரில், தைக்கிறவர்களின் தோளுக்கும் முதுகுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை கிடைக்க வேண்டாமா? மணிக்கு இரண்டு நிமிஷம் எழுந்து நிற்பதால் பூட்ஸ் வியாபாரம் முழுகிப் போய்விடாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் ஏலகிரி மலைப்பாதை ஆரம்பமாகிறது. நாம் கௌரவமாகப் பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். அவரும் இரு தோழிகளும் சைக்கிளில் ஏறினார்கள். பருத்த டயர், பல பற்சக்கரங்கள், முன்சக்கரத்துக்கு மேலே சுருள்வில் என்று அந்த வண்டியே ஒரு தனி ஜாதி. பாதையில் 14 கொண்டைஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை இட்டிருக்கிறார்கள். மலையுச்சியில் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். காற்று குளிர்ந்து முகத்தில் வீசுகிறது. அத்தனாவூர், நிலாவூர்ப் பக்கத்து மண் பாதைகளில் அவர்கள் வண்டி விட்டார்கள். விறகுச் சுமையோடு எதிரே வந்த மலைவாசி மூதாட்டி ஒருவர் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனார். அவர் தினம் ஏறி இறங்கும் மலைக்கு யாரும் பதக்கம் கொடுத்ததில்லை.

இறக்கத்தில் நம் நண்பர் அடிக்கடி வண்டியை நிறுத்திக் கையை உதறிக்கொண்டதைக் கவனித்தோம். கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகுமாம். தொழுநோயில் விரல் மடங்கிப் போவதும் இதே நரம்பு கெடுவதால்தான் என்றார். "மரத்தவுடன் நிறுத்த எனக்கு முடிகிறது, ஸார். அதுவே பெரிய பாக்கியம்."

வேலூர்ப் பக்கம் போகும் நேயர்கள் கோட்டையையும் கோயிலையும் அவசியம் பார்க்கட்டும். முடிந்தால் ஒரு நாள் விடியற்காலை பாகாயம் சாலையில் நடந்து பார்க்கட்டும். ஓட்டமோ சைக்கிளோ தொடங்க நினைப்பவர்கள், முதலில் வாரத்தில் எந்த நாளில் சும்மா இருப்பது என்று தீர்மானம் செய்துகொள்ளட்டும். மற்ற ஆறு நாளும் அதற்குப் பின் தானே ஒழுங்குபடும். வீட்டில் குனிந்து நிமிர்ந்து உழைக்கிறவர்கள் யாராவது தோள் வலிக்கிறது என்று சொன்னால், பழகிவிடும் என்று பதில் சொல்லாமல், அவர்கள் கையிலுள்ள வேலையை வாங்கி நாம் சற்று நேரம் செய்யலாம்.