பழைய கார்களுக்கு ஒரு நாள் திருவிழா

பழைய நகைக்கு மதிப்பு உண்டு. பழைய அரிசிக்கு மதிப்பு உண்டு. சில வீடுகளில் பழைய மனிதர்களுக்குக்கூட மதிப்பு உண்டு. பழைய காருக்கு மட்டும் அந்தப் பாக்கியம் நெடுநாள் இல்லாமல் இருந்தது. ஓடுகிற வரையில் ஓட்டுவோம். நின்றுவிட்டால் புதுப்பேட்டைக்கு அனுப்புவோம். அங்கே கதவு வேறு, சக்கரம் வேறு, இன்ஜின் வேறாகப் பிரித்து அடுக்கிவிடுவார்கள். அந்தக் கதியிலிருந்து தப்பிப் பிழைத்த கார்களை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமா? சென்னையில் அவ்வப்போது நடக்கும் பழைய கார்க் கண்காட்சிக்குத்தான் போக வேண்டும்.

அப்படி ஒரு கண்காட்சிக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில், கல்லூரியில் படிக்கும் என் பேத்தியையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒரு பள்ளிக்கூட மைதானம். வேப்ப மரத்து நிழலில் வரிசை வரிசையாகக் கார்கள். கல்யாண வீட்டுக்கு வந்த பெரியவர்களைப் போல ஒவ்வொன்றும் துடைத்து மினுக்கி நின்றது. கூட்டத்தில் ஆண்கள் இன்ஜினைக் குனிந்து பார்த்தார்கள். பெண்கள் ஜன்னல் வழியாக ஸீட்டைப் பார்த்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வீட்டுக் காரில் அவர்களுடைய நினைவெல்லாம் ஸீட்டில்தானே இருக்கிறது!

முதல் வரிசையில் ஃபோர்டு மாடல் டி. 1908-ல் பிறந்து 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியான கார். அடுத்தது ஆஸ்டின் செவன், 747 ஸி.ஸி. இன்ஜின் வைத்த பொம்மை போன்ற வண்டி. அதற்கப்பால், நம் நாட்டில் 'பேபி இந்துஸ்தான்' என்ற செல்லப் பெயருடன் ஓடிய மாரிஸ் மைனர். திரும்ப வேண்டுமானால் அதன் பக்கவாட்டிலிருந்து கைகாட்டி ஒன்று டக்கென்று நீட்டிக்கொள்ளும். அதன் சொந்தக்காரர் இரண்டு தடவை நீட்டிக் காட்டினார். குழந்தைகள் கை தட்டினார்கள்.

"பாட்டி, இதிலே ஏ.ஸி. எங்கே?" என்று கேட்டாள் பேத்தி.

முன் கதவில் இருந்த சிறிய முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினேன். "இதுதான் ஏ.ஸி. கடற்கரை ரோட்டில் இதை இப்படித் திருப்பி வைத்தால் காற்று நேரே முகத்தில் அடிக்கும்."

எம்.ஸி. 1, எம்.ஸி. 3

சென்னைக்கும் மோட்டாருக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1903-ம் ஆண்டிலேயே சிம்ஸன் கம்பெனியைச் சேர்ந்த ஸாமுவேல் ஜான் கிரீன் இங்கே நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். சென்னை நகரில் பதிவான கார்களுக்கு அந்நாளில் 'எம்.ஸி.' என்ற எழுத்துக்கள். எம்.ஸி. 1, துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்குடையது. எம்.ஸி. 3, பெரிய கட்டடங்களைக் கட்டிப் புகழ்பெற்ற நம்பெருமாள் செட்டியாருடையது. இதில் ஒரு விசித்திரம் பாருங்கள்: கணித மேதை ராமானுஜன் குமாஸ்தாவாக வேலை பார்த்தது அந்த ஸ்பிரிங்கின் துறைமுக அலுவலகத்தில், 1920-ல் அவர் கண்ணை மூடியது சேத்துப்பட்டில் அந்தச் செட்டியாரின் வீட்டில்!

சுதந்திரத்துக்குப் பிறகு, வெளிநாட்டுக் கார்களின் வரவு குறைந்தது. 1950-களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. நமக்கு மிஞ்சியவை மூன்றே மூன்று: கல்கத்தா பக்கத்து அம்பாஸடர், பம்பாய் ஃபியட், நம் சென்னை ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் காருக்குப் பதிவு செய்தால், அவன் பள்ளிக்கூடம் போகும்போது கார் வரும் என்று அந்நாளில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

வண்டலூரில் பிறந்த கார்

மூன்றாவது வரிசையில் இளநீல நிறத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. என் கால்கள் தாமாகவே அங்கே நின்றுவிட்டன.

1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்கு வண்டலூர்ப் பக்கத்தில் தொழிற்சாலை. 1961-லிருந்து அங்கே ஹெரால்டு உற்பத்தியாயிற்று. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. முன்பக்க மூடி முழுவதையும் முதலை வாய் திறப்பது போல முன்னால் சாய்த்துவிடலாம். 948 ஸி.ஸி. இன்ஜின். 25 அடி வட்டத்துக்குள் சுற்றித் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளுக்கென்றே செய்ததோ என்று தோன்றும்.

எங்கள் வீட்டுக்கு 1965-ல் வந்தது இதே ஹெரால்டுதான். காஞ்சீபுரத்துக்கோ திருக்கழுக்குன்றத்துக்கோ போகும்போது, வண்டலூர் தாண்டுகையில் நாங்கள் மூன்று குழந்தைகளும் "நம்ம கார் பொறந்த ஊரு!" என்று கத்துவோம்.

அப்பா அலுவலக வேலையாக அடிக்கடி வெளியூர் போகிறவர். ஆகையால் மறு வருஷமே அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். விடியற்காலையில் கடற்கரை ரோட்டில் பயிற்சி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவாள்.

பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. "பொம்மனாட்டி ஓட்டற வண்டியிலே நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை திருவல்லிக்கேணிப் பெருமாள் கூப்பிட்டால் என்ன செய்வது? ஏறத்தான் வேண்டியிருந்தது. அங்கேதான் ஹெரால்டு தன் வேலையைக் காட்டிற்று. அப்போதைய ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். (நான்கு கதவு வைத்தது பிற்பாடு, அதுவும் நம் நாட்டில் மட்டும்.) பின் ஸீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் ஸீட்டை மடக்கி, உடம்பையும் மடக்கி நுழைய வேண்டும். முழங்கால் வலிக்காரியான பாட்டியால் அது முடியுமா? முன்னால்தான் உட்கார வேண்டும், மருமகளுக்குப் பக்கத்தில்!

வீட்டில் இருவருக்கும் நடுவே எத்தனையோ சுவர்கள். காரில் ஒரு கியர் தடிதான். முதல் வெள்ளிக்கிழமை பேச்சே இல்லை. அடுத்த வாரம், "அந்த மாட்டைப் பாரு, மெதுவா போ" என்றாள் பாட்டி. பிறகு சிறுகச் சிறுகக் கதை வளர்ந்தது. தன் கல்யாணத்தில் ஏழு வண்டி மாடு கட்டிக்கொண்டு வந்தது, தான் படிக்க ஆசைப்பட்டு நின்றது, குழந்தையாகவே இறந்துபோன முதல் பெண். அப்பாவுக்கே தெரியாத விஷயங்களெல்லாம் திருவல்லிக்கேணிக்குப் போகும் வழியில்தான் அம்மாவுக்குத் தெரிந்தன. நாங்கள் பின்னால் உட்கார்ந்து, தூங்குகிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்போம்.

1973-ன் கடைசியில் உலகமெங்கும் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை தாவி ஏறிற்று. அண்ணாவின் கல்லூரிச் செலவும் சேர்ந்துகொண்டது. 1974-ல் அப்பா காரை விற்றுவிட்டார். அதன் பிறகு பாட்டி கோவிலுக்கு ரிக்ஷாவில் போனாள். வீட்டில் அவளும் அம்மாவும் சண்டையிடவில்லை. ஆனால் அந்தப் பழைய பேச்சும் இல்லை.

அம்மா ஒன்று மட்டும் விடவில்லை. கார் இல்லாவிட்டாலும் லைசென்ஸைக் காலம் தவறாமல் புதுப்பித்து, தாலிச் சங்கிலியின் ரசீதோடு இரும்புப் பெட்டியில் வைத்திருந்தாள்.

மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். எங்கள் வீட்டுக்கு அது 1987-ல் வந்தது. என் கணவர் அதை அம்மாவிடம் காட்டுவதற்காக மயிலாப்பூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். சுற்றி வந்து பார்த்த அம்மா, கையை நீட்டினாள்.

"மாப்பிள்ளை, சாவியைக் கொடுங்கோ. லைசென்ஸ் இருக்கு."

பதின்மூன்று வருஷம் ஸ்டியரிங்கைத் தொடாதவள், தெற்கு மாட வீதியை ஒரு சுற்றுச் சுற்றி, வாசலில் கோடு போட்டாற்போலக் கொண்டுவந்து நிறுத்தினாள்!

பார்க்கப் போகிறவர்களுக்கு

நான் ஹெரால்டின் கதவைத் தொட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து, அதன் சொந்தக்கார இளைஞர் வந்தார். முன் ஸீட்டை மடக்கி என் பேத்தியைப் பின்னால் ஏற்றினார். ஒரு மாட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, மூன்று வருஷம் சீர் செய்தாராம். பாகங்கள் கிடைப்பதைவிட, வேலை தெரிந்த கை கிடைப்பது அரிது என்றார். ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1988-ல் மூடிவிட்டது. 2014-ல் அம்பாஸடரும் நின்றது. பழைய மெக்கானிக்குகள் முதியவர்களாகிவிட்டார்கள்.

சட்டம் இப்போது கொஞ்சம் கருணை காட்டுகிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்டு, அசல் உருவத்திலேயே இருக்கும் கார்களைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சிக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் ஓட்டலாம். தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது.

நீங்களும் போவதானால் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். குடையும், தண்ணீரும், வீட்டுப் பெரியவர் ஒருவரும் அவசியம். மூன்றாவதுதான் முக்கியம். வீட்டில் காருடன் எடுத்த பழைய போட்டோ இருந்தால் கொண்டுபோங்கள். அதன் பின்புறம் வருஷத்தையும் வண்டி எண்ணையும் இன்றே எழுதி வையுங்கள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு காராக உறுமிக்கொண்டு கிளம்பிற்று. "உங்கள் வீட்டு ஹெரால்டின் எண் ஞாபகம் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார் இளைஞர். என் பிள்ளைகளின் டெலிபோன் எண்ணைக் கேட்டால் நான் திண்டாடுவேன். இதை மூச்சு விடாமல் சொன்னேன். தம் குறிப்பில் எழுதிக்கொண்டார். எங்காவது கண்ணில் பட்டால் சொல்வாராம்.

பேத்தி முன் ஸீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். "பாட்டி, கொள்ளுப்பாட்டி அப்புறம் என்ன சொன்னா?" என்று கேட்டாள்.